ராணியின் முத்திரைக்கு வந்த கல்யாணக் கவலை

முன்னொரு காலத்தில், வருஷத்தில் முக்கால்வாசி நாள் தூறிக்கொண்டே கிடக்கும் இங்கிலாந்து தேசத்தில், ஒரு ராஜா சாதாரணச் சளி பிடித்துச் செத்துப்போனார். ஆண் வாரிசு இல்லை. ஒரே பெண். பெயர் ரோசமண்ட். சரித்திரப் புத்தகத்தைப் புரட்டித் தேடாதீர்கள். இவள் கதையில் வந்த ராணி, கதையோடு போகிற ராணி.

ராஜா போனால் மகுடம் தலை மாறும், அது ஊருக்கே தெரியும். முத்திரையும் மாறும் என்பது பலருக்குத் தெரியாது. அந்தத் தேசத்தில் ராஜா கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. சின்னத் தாம்பாளம் அளவுக்கு ஒரு வெள்ளி முத்திரை உண்டு. அதை உருகிய மெழுகில் அழுத்தி, அந்த மெழுகு வில்லையைப் பத்திரத்தில் கோத்துத் தொங்கவிட்டால்தான் சட்டம் சட்டமாகும், சமாதானம் சமாதானமாகும். சிம்மாசனத்தில் ராஜா உட்கார்ந்திருக்கும் உருவம் அந்த வெள்ளியில் குழிவாகச் செதுக்கியிருக்கும்.

செத்தவர் முகத்தை வைத்துக்கொண்டு எவனாவது கள்ளப் பத்திரம் பண்ணிவிட்டால் என்ன செய்வது? அதனால் புது முத்திரை வந்துசேர்ந்த அன்றே பழையதை அடித்துச் சிதைத்துவிடுவார்கள். அதையும் ஆளை விட்டுச் செய்ய முடியாது. புதிதாகப் பட்டமேறியவர்தான் தன் கையால் முதல் அடி அடிக்க வேண்டும். அப்படி ஒரு வழக்கம்.

நம் கதாநாயகி அந்தப் புது முத்திரைதான். பட்டறையிலிருந்து பட்டுப் பையில் வந்தாள். சிம்மாசனத்தில் ரோசமண்ட் தனியாக உட்கார்ந்திருக்கும் உருவத்தை அவள் மேல் செதுக்கியிருந்தார்கள். மூக்கு நுனிகூட அச்சு அசல். பையை அவிழ்த்து மேஜையில் வைத்தார்கள். பளபளவென்று, பெருமை பிடிபடாமல் கண்ணைத் திறந்தாள்.

எதிரே மெத்தை மேல் கிழ முத்திரை ஒன்று கிடந்தது. அதில் தாடி வைத்த ராஜா. பக்கத்தில் கறுப்பு உடுப்பில், அழுதழுது வீங்கிய கண்ணோடு ராணி. அவள் கையில் சுத்தியல்.

"லேசா ஒரு அடி போதும், மகாராணி. மிச்சத்தைத் தட்டான் பாத்துக்குவான்" என்றார் முத்திரைக் காவலர் தோர்ன்பி பிரபு.

ராணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அப்பாவின் முகத்தில் அடித்தாள். டங் என்று ஒரு சத்தம். ராஜாவின் தாடி நசுங்கி ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. கிழ முத்திரை வாயைத் திறக்கவே இல்லை.

பிறந்த நாளே இந்தக் காட்சியா! அன்றைக்குப் பிடித்த பயம் நம் முத்திரையை விடவே இல்லை.

தோர்ன்பி பிரபுவின் அறையில் ஓர் ஓக் மரப் பெட்டி இருந்தது. அதுதான் அவள் வீடு. உள்ளே வெல்வெட் விரிப்பு, ஒரு மூலையில் மெழுகுக் கட்டிகள், இன்னொரு மூலையில் யார்? சாட்சாத் அந்தச் சுத்தியல்தான். கூடவே குடித்தனம். எப்படித் தூக்கம் வரும், சொல்லுங்கள்?

"பயப்படாதேம்மா. கூப்பிட்டாத்தான் நான் வர்றவன். தானா வந்து யாரையும் அடிக்கிறதில்லை" என்றது சுத்தியல். பரம சாது. அதன் சாதுத்தனம்தான் அவளுக்கு இன்னும் நடுக்கம் தந்தது.

"என்னை எப்போ அடிப்பீங்க, மாமா?"

"ராணி போனதுக்கப்புறம். அவளுக்கு இப்பத்தானே இருபது தாண்டுது? இன்னும் எத்தனையோ காலம் கிடக்கு. நிம்மதியா இரு."

"அடிச்சப்புறம் அந்த வெள்ளி என்ன ஆகும்?"

சுத்தியல் கொஞ்சம் கனைத்துக்கொண்டது. "அது காவலருக்குச் சேர வேண்டியது. வழக்கம் அப்படி. தோர்ன்பி சம்சாரம் அதை உருக்கிப் பரிமாறுற தட்டா அடிச்சுக்குவாங்க. ராணியோட தாத்தா முத்திரை இப்போ மீன் தட்டு. அப்பா முத்திரை கறித் தட்டு. இனிப்புக்குத்தான் இன்னும் தட்டு இல்லையாம். அந்தம்மாவுக்கு அது ஒரு குறை."

மெழுகுக் கட்டிகள் கிசுகிசுவென்று சிரித்தன. "எங்களைப் பாரு. தினம் உருகுறோம். உன்னை மாதிரி அலட்டிக்கிறோமா?"

"உங்களுக்கு முகம் இல்லை. பேசாம இருங்க" என்று எரிந்து விழுந்தாள் முத்திரை. ஆனாலும் அன்று முதல் யாராவது இனிப்பைப் பற்றிப் பேசினாலே அவளுக்குத் திக்கென்றது. கவலையில் வெள்ளி கறுக்கத் தொடங்கியது. வேலையாள் சுண்ணாம்புத் தூள் போட்டுத் தேய்ப்பான். மறுவாரம் மறுபடி கறுத்து நிற்பாள்.

"புது வெள்ளி இப்படிக் கறுக்குமா? தட்டான் ஏமாத்திட்டானா?" என்று தோர்ன்பி பிரபு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பார்க்கிற சாக்கில் எடையையும் கையால் நிதானித்துக்கொள்வார்.

பத்திரங்களுக்கு முத்திரை போடும் நாட்களில் பிரபு அவளைப் பையில் போட்டு ராணியின் மேஜைக்குக் கொண்டுபோவார். அங்கேதான் அவளுக்கு ஒரு சிநேகிதி. ராணியின் விரலில் இருந்த பட்டாபிஷேக மோதிரம்.

மோதிரத்தின் கதையே தனி. அதைச் சுண்டு விரலுக்கு அளவெடுத்துச் செய்திருந்தார்கள். பட்டம் சூட்டிய பிஷப்புக்குக் கண் மங்கல், பிடிவாதம் கூர்மை. கல்யாண மோதிரம் போடுகிற விரலில்தான் போடுவேன் என்று அடுத்த விரலில் திணித்துவிட்டார். ராணிக்கு உயிர் போகிற வலி. அப்புறம் பனிக்கட்டித் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தார்கள், வெண்ணெய் தடவிப் பார்த்தார்கள், வரவே இல்லை. மோதிரம் அங்கேயே குடியேறிவிட்டது.

"பாத்தியா, இதுக்கு மேலே என்ன அத்தாட்சி வேணும்? நாட்டுக்கும் ராணிக்கும் கல்யாணம் ஆயிடுச்சு. தாலிக்குப் பதிலா நான் இருக்கேன். கழட்டவும் முடியாது. இனிமே இன்னொருத்தன் வந்து நுழைய இடமே இல்லை" என்று மோதிரம் பீற்றிக்கொள்ளும்.

"அக்கா, நிஜமாவா சொல்றே? அவங்க கல்யாணமே பண்ணிக்க மாட்டாங்களா?" என்று முத்திரை ஆசையாகக் கேட்டாள்.

"பண்ணிக்கிட்டா உனக்கென்ன?"

முத்திரை மென்று விழுங்கினாள். பெட்டியிலே மெழுகுக் கட்டிகள் சொல்லிக் கேட்டிருந்த கதை அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. எப்போதோ ஒரு காலத்தில் வேறொரு ராணி இருந்தாளாம். வெளிதேசத்து இளவரசனைக் கட்டிக்கொண்டாளாம். கட்டின கையோடு முத்திரையை மாற்றிவிட்டார்களாம். புதுசில் ராஜாவும் ராணியும் ஜோடியாக இருந்தார்களாம். அப்படியென்றால் அதற்கு முன்னால் ராணி தனியாக உட்கார்ந்திருந்த முத்திரைக்கு என்ன கதி? அந்தப் பாவியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லை அக்கா. சும்மா கேட்டேன்" என்றாள் முத்திரை.

வேண்டாம் வேண்டாம் என்றால் வராமல் இருக்குமா? வந்தேவிட்டான் ஒருவன்.

மலைகளுக்கு நடுவே கைக்குட்டை அளவு ஒரு நாடு. அதன் இரண்டாவது இளவரசன் லோதார். ராஜா செத்ததற்குத் துக்கம் விசாரிக்க வந்தவன், கப்பல் பயணத்தில் வாந்தி எடுத்து எடுத்து அரை உயிராகி இறங்கினான். திரும்பிப் போக வேண்டும் என்று நினைத்தாலே அவனுக்குக் குமட்டியது. அந்தச் சாக்கில் ஒரு வாரம் இருந்தான். அப்புறம் வேறொரு சாக்கு. அப்புறம் சாக்கே தேவைப்படவில்லை.

அவன் ராணியைப் புகழ்ந்து பேசத் தெரியாதவன். மழையில் தொப்பலாக நனைந்து வந்து, "உங்க தோட்டத்துப் பேரி மரத்தைத் தப்பா வெட்டியிருக்காங்க. இப்படி வெட்டினா காய்க்காது" என்று சொல்லிவிட்டுத் தும்முவான். அப்பா போனதிலிருந்து சிரிக்காத ராணி அன்றைக்குச் சிரித்தாள்.

இங்கேதான் அந்தத் தேசத்து வழக்கம் குறுக்கே படுத்துக்கொண்டது. ஆளுகிற ராணியிடம் எந்த ஆண்பிள்ளையும் போய், 'என்னைக் கட்டிக்கொள்கிறாயா' என்று கேட்கக் கூடாது. கேட்டால் ராஜமரியாதைக் குறைவு. ராணிதான் வாயைத் திறந்து கேட்க வேண்டும். ராணியோ நாடாள்வதற்கு வளர்ந்தவளே தவிர, மாப்பிள்ளை கேட்க வளர்ந்தவள் இல்லை. லட்சம் பேர் முன்னால் பேசுவாள். இந்த ஒரு வாக்கியம் மட்டும் தொண்டையோடு நின்றுவிடும்.

ஒருநாள் மோதிரம் வாடிய குரலில் வந்து சொன்னது. "இளவரசன் மூட்டை கட்டிட்டான். நாளைக்குக் கப்பல். இவளும் கேக்கலை, அவனும் கேக்கக் கூடாது."

"நல்லதாப் போச்சு!" முத்திரை துள்ளினாள். "போகட்டும் அக்கா! சனியன் விட்டது! அவன் போய்த் தொலைஞ்சா என் தலை தப்பிச்சுது!"

மோதிரம் சொன்னது: "உன் மேலே அவ முகத்தைச் செதுக்கியிருக்கான். அவ மனசு உனக்கு எங்கே தெரியப்போகுது? நான் விரலைச் சுத்தி இருக்கேன்டி. அவன் அறைக்குள்ளே வந்தா அவ நாடி எப்படித் துடிக்குதுன்னு எனக்குத் தெரியும். அவன் கிளம்புறான்னு கேட்டதிலிருந்து விரல் ஜில்லுன்னு ஆயிடுச்சு. பயத்திலே உனக்குக் கண்ணும் போச்சு, ஈரமும் போச்சு."

முத்திரைக்குச் சுரீரென்றது. மேலே நிமிர்ந்து ராணியைப் பார்த்தாள். ராணி ஏதோ பத்திரத்தைப் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். ஒரே வரியில் கண் நின்றிருந்தது. தன் மேல் செதுக்கியிருந்த முகத்தைத்தான் முத்திரை இத்தனை நாள் ராணி என்று நினைத்திருந்தாள். இந்த முகம் அதைவிட எவ்வளவோ சின்னதாக, எவ்வளவோ களைப்பாக இருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு பயமும் இருந்தது. வெட்கப்பட்டால் பயம் போய்விடுமா என்ன?

மறுநாள் காலையில் நடந்ததை மோதிரமே மூச்சு வாங்கச் சொல்லிற்று. இளவரசன் விடைபெற வந்து நின்றானாம். ஜன்னலுக்கு வெளியே வழக்கம்போல் தூறல்.

"எங்க ஊர் மழை உங்களுக்குப் பழகிடுமா?" என்று ராணி கேட்டாளாம்.

"பழகிடும்" என்றானாம் அவன்.

"அந்தப் பேரி மரம் மறுபடி காய்க்க எத்தனை வருஷம் ஆகும்?"

"நல்லாப் பாத்துக்கிட்டா நாலஞ்சு வருஷம் ஆகும்."

ராணி கையைப் பிசைந்தாளாம். மோதிரத்துக்கு எலும்பு நொறுங்குகிற மாதிரி இருந்ததாம். "அப்படின்னா... இருந்து பாத்துக்குவீங்களா? என்னோட? கடைசிவரைக்கும்?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான், பெரிய தும்மல்தான் வந்தது. தும்மி முடித்து, "இருக்கேன்" என்றான். முடிந்தது நிச்சயதார்த்தம்.

அரண்மனை முழுக்கச் சிரிப்பும் கும்மாளமும். முத்திரையும் சிரிக்கத்தான் பார்த்தாள். ஒரு பக்கம் ராணிக்காக மனசு குளிர்ந்தது. மறுபக்கம் பெட்டியின் மூலையில் படுத்திருக்கும் சுத்தியலைப் பார்த்தால் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

அவள் பயந்தது நடக்காமல் இல்லை. கல்யாண ஒப்பந்தம் எழுதும் நாளில் தோர்ன்பி பிரபு தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். மேஜையின் ஒரு பக்கம் ராணி, ஒரு பக்கம் இளவரசன். பையின் வாய் திறந்திருந்ததால் முத்திரைக்கு எல்லாம் கேட்டது.

"மகாராணி, கோபிச்சுக்கக் கூடாது. ஒரு சின்ன விஷயம். கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க சிம்மாசனத்துலே உக்காந்திருக்க, உங்க புருஷன் பக்கத்துலே கை கட்டி நிக்கிறதா? ஜனங்க சிரிக்க மாட்டாங்களா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதனாலே இளவரசரையும் ராஜான்னு அறிவிச்சுடுவோம். சேந்து ஆளுங்க. முத்திரையிலும் ரெண்டு பேரும் சேந்து உக்காந்திருக்கிற மாதிரி புதுசா ஒண்ணு செதுக்கிடலாம். வலது பக்கம் அவர், இடது பக்கம் நீங்க. உங்களுக்கு ஒரு குறையும் வராது. பாதிச் சிம்மாசனம் உங்களதுதான்."

ஆகா, என்ன தாராள மனசு! முழுசும் அவளுடையதாக இருந்ததில் பாதியை அவளுக்கே தானம் பண்ணுகிறார்!

"எனக்கு அதெல்லாம்..." என்று இளவரசன் ஆரம்பித்தான்.

"இளவரசருக்குக் கூச்சம். மாப்பிள்ளைன்னா அப்படித்தான்" என்று பிரபு சிரித்து மடக்கிவிட்டார்.

ராணி இளவரசனைப் பார்த்தாள். பரதேசி, பிழைக்க வந்தவன், ராணி முந்தானையில் ஒண்டியவன் என்றெல்லாம் கடைத்தெருவில் பேச்சு ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது. அவள் காதுக்கும் வந்திருந்தது. அவனுக்கு ஒரு அவமானம் வரப்போகிறது என்றால் அவளுக்குத் தாங்காது. தன் சிம்மாசனம் என்ன பெரிசு என்று தோன்றியது அவளுக்கு. அன்பு வைத்தவர்கள் கணக்குப் பார்க்கிறார்களா?

"இப்படிச் செஞ்சா அவரைப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்களா?"

"சத்தியமா மாட்டாங்க, மகாராணி."

"சரி" என்றாள்.

அந்த ஒரு சொல் பைக்குள் வந்து விழுந்தது. முத்திரைக்குக் கைகால் ஓடவில்லை. அவளுக்கு ஏது கைகால் என்கிறீர்களா? இருந்திருந்தால் அன்றைக்கு ஓடியிருக்காது.

அதோடு விட்டார்களா? அந்த ஒப்பந்தத்துக்கும் அவளையே எடுத்து மெழுகில் அழுத்தினார்கள். தன் சாவுச் சீட்டுக்குத் தானே முகத்தைக் கொடுத்தாள். மெழுகுகூட அன்றைக்கு அவளைக் கேலி செய்யவில்லை. "மன்னிச்சுக்கோ, தாயி" என்றுதான் முனகியது.

புது முத்திரை தயாராகிற வரைக்கும் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பெட்டி திறக்கும்போதெல்லாம் 'இன்றைக்குத்தானோ' என்று பதறுவாள். மூடினால் 'நாளைக்கோ' என்று பதறுவாள். கறுப்பு ஏறி ஏறி ராணியின் மூக்கும் கண்ணும் மங்கிப்போயின. கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் அடிக்கிற நாள் என்று ஊர்ஜிதமானதும், அவள் வெட்கத்தை விட்டுச் சுத்தியலிடமே கேட்டாள்.

"மாமா, ரொம்ப வலிக்குமா?"

"எனக்கென்னம்மா தெரியும்? நான் அடிக்கிற பக்கம்."

"இதுக்கு முன்னாடி கல்யாணத்துக்காக யாரையாவது அடிச்சிருக்கீங்களா?"

சுத்தியல் யோசித்தது. "எனக்குத் தெரிஞ்சு இல்லை. நான் எழுந்ததெல்லாம் சாவுக்குத்தான். இந்த ராணியோட தாத்தா கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, அப்பா பண்ணிக்கிட்டாரு. அந்த நாளெல்லாம் வெளியிலே மேளதாளம் கேட்டுது. நான் இதே மூலையிலே தூங்கிக்கிட்டு இருந்தேன்."

"அப்படின்னா எனக்கு மட்டும் ஏன்?"

"ஏன் எதுக்குன்னு கேட்டா நான் சுத்தியலா இருக்க முடியுமா? தூக்கினா விழுவேன். ஆனா ஒண்ணு சொல்றேன், உன் நல்லதுக்கு. நாளைக்கு உன்னைக் குப்புறத்தான் போடுவாங்க. காவலர் வேலையாள்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாரு. அசையாம கிட. முகம் தெரியலேன்னா அடிக்கிறவ கை நடுங்காது. ஒரே அடியிலே காரியம் முடிஞ்சுடும்."

"முகம் தெரிஞ்சா?"

"அதை நான் கண்டதில்லைம்மா. முகத்துக்குச் சொந்தக்காரி உயிரோட எதிரே நின்னு நான் விழுந்ததே இல்லை."

முத்திரையின் பயத்துக்குள் முதல் தடவையாக வேறொரு நினைப்பு புகுந்துகொண்டது. அடி விழப்போவது என் தலையில் மட்டும்தானா?

மறுநாள் மண்டபத்தில் பெரிய மனிதர்கள் கூடினார்கள். ஜோடி உருவம் செதுக்கிய புது முத்திரை பட்டுப் பையில் வந்து காத்திருந்தது. இளவரசன் ஓரமாக ஒரு தூண் பக்கத்தில், எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் நின்றான். தோர்ன்பி பிரபு பழைய முத்திரையை எடுத்து மெத்தை மேல் குப்புறப் போட்டார். வழவழ முதுகு மட்டும் மேலே தெரிந்தது.

"இப்படி இருந்தா மகாராணிக்கும் சங்கடமில்லை. ஒரே ஒரு அடி. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிஞ்சுடும்" என்றார் அவர்.

ராணி சுத்தியலை வாங்கினாள். வெல்வெட்டில் மூக்கு புதைந்து கிடந்த முத்திரைக்கு மூச்சு முட்டியது. எல்லாம் இருட்டு. மேலே பட்டுச் சட்டைக் கை சரசரவென்று உயர்கிற சத்தம் கேட்டது. பயத்தில் உடம்பு முழுக்க நடுங்கியது. இத்தனை நாள் நடுங்கிய நடுக்கம் எல்லாம் சேர்ந்த நடுக்கம் அது. கிழ முத்திரை மாதிரி சத்தம் போடாமல் கிடந்து சாகலாம். இல்லை, செத்தாலும் முகத்தைக் காட்டிவிட்டுச் சாகலாம். 'அவ பாக்கட்டும். பாத்துட்டு அடிக்கட்டும்' என்று முடிவு கட்டிக்கொண்டாள். அந்த நடுக்கத்தையே பிடித்துக்கொண்டு மெத்தையின் சரிவுப் பக்கமாக நகர்ந்தாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். வழவழ வெல்வெட், வழவழ வெள்ளி. சறுக்கினாள். விளிம்பைத் தாண்டி, கல் தரையில் கணீரென்று விழுந்து, உருண்டு, சுழன்று, ராணியின் செருப்பு முனையில் இடித்து மல்லாந்து படுத்தாள்.

"அடடா, அடடா!" தோர்ன்பி பிரபு குனியப் பார்த்தார். முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அதற்குள் ராணியே குனிந்து எடுத்துவிட்டாள்.

கறுத்துக் கிடந்த வெள்ளியை அவள் தன் கல்யாண வாரத்துப் பட்டுச் சட்டைக் கையால் துடைத்தாள். கண் தெரிந்தது. மூக்கு தெரிந்தது. சிம்மாசனத்தில் தனியாக, நிமிர்ந்து உட்கார்ந்திருந்த உருவம் தெரிந்தது. இந்தக் கையில் முத்திரை, அந்தக் கையில் சுத்தியல். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது நான்தானே?"

"தங்கள் உருவம்தான், மகாராணி. பழசு. இங்கே குடுங்க, திரும்ப மெத்தையிலே வெச்சுடறேன்."

"பழசா? இன்னிக்குக் காலையிலேகூட நான் இப்படித்தானே இருந்தேன்?" என்றாள் ராணி. "பிரபுவே, எங்க அப்பா கல்யாணத்துக்கு நீங்க இருந்தீங்க இல்லையா?"

"இருந்தேன், மகாராணி. அமர்க்களமான கல்யாணம்."

"அன்னிக்கு அப்பாவோட முத்திரையை யார் அடிச்சாங்க?"

தோர்ன்பி பிரபு கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டார். "யாரும்... அதுக்கு அவசியம் வரலை, மகாராணி. அவர் ராஜா."

"அம்மா எங்கே உக்காந்தாங்க?"

"பக்கத்துலே ஒரு நாற்காலி போட்டோம்."

"சிம்மாசனத்துலே பாதி கேட்டாங்களா? கேக்கலைன்னு யாராவது அம்மாவைப் பாத்துச் சிரிச்சாங்களா?"

பிரபு புது முத்திரைப் பையின் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தார். ராணியின் உள்ளங்கை வேர்த்து ஈரமாக இருந்தது. முத்திரைக்கு அது நன்றாகத் தெரிந்தது. அடேயப்பா, தன்னைவிட இவளல்லவா பயந்துபோயிருக்கிறாள்! ராணி அடுத்துத் திரும்பியது தூண் பக்கம். இத்தனை கேள்வியிலும் இதுதான் அவளுக்குப் பெரிய கண்டம். அவன் முகம் சுளித்துப் போய்விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

"லோதார், எங்க அம்மாவுக்குப் போட்ட மாதிரி பக்கத்துலே ஒரு நாற்காலி போடுவேன். அது உங்களுக்குப் போதுமா? போதாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன்."

தாங்கிக்கொள்ளவே மாட்டாள் என்று அவள் முகத்தைப் பார்த்த எவருக்கும் தெரிந்திருக்கும்.

இளவரசன் தூணை விட்டு வந்தான். "அன்னிக்கே இதைச் சொல்ல வாயெடுத்தேன். கூச்சம்னு சொல்லி அடைச்சுட்டாங்க. நானும் பேசாம இருந்துட்டேன், அது என் தப்பு" என்றான். "இந்தத் தேசத்துக்கு நான் இன்னும் ஒண்ணுமே செய்யலை. ஒரு பேரி மரம்கூடக் காய்க்கலை. என் முகத்தை எதுக்கு வெள்ளியிலே வெட்டணும்? பேசறவங்க பேசட்டும். நாற்காலி போதும்."

ராணி ஒரு பெரிய மூச்சு விட்டாள். முத்திரையும் விட்டாள். இரண்டு மூச்சும் ஒன்றாகத்தான் போயின.

தோர்ன்பி பிரபு மட்டும் விடவில்லை. சம்சாரத்துக்கு வீட்டில் போய் என்ன பதில் சொல்வது என்ற கவலை அவருக்கு. "மகாராணி, சபை கூடிடுச்சு. சடங்குன்னு ஒண்ணு இருக்கு. முத்திரையை உடைக்கிறோம்னு நாடு பூரா சொல்லியாச்சு. சும்மா பேருக்கு ஒரு அடி. ஒரே ஒரு அடி அடிச்சுடுங்க."

ராணி சுத்தியலை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"நாளைக்கு எனக்கு நடக்கப்போறது கல்யாணம், பிரபுவே. சாவு இல்லை."